ரெண்டாவது தடவை வந்தாரா?

ஜூன் மாதம் வந்தால் போதும், இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிற எந்த ரோட்டில் போனாலும் ஒரு பேனர் தெரியும். பெரிய எழுத்தில் பிளேஸ்மென்ட் சதவீதம், பக்கத்தில் கோட் போட்ட சீனியர்களின் போட்டோ. முதலாம் ஆண்டில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். மூன்றாம் ஆண்டில்தான் ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தன் கேட்ட கேள்வி மண்டையில் ஏறியது. "மேல இருக்கிற நம்பர் ஓகே மச்சான். கீழ இருக்கிற நம்பர் எது?"

அதாவது வகுக்கும் எண். மொத்த மாணவர்களா? அரியர் இல்லாதவர்கள் மட்டுமா? பிளேஸ்மென்ட் வேண்டும் என்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டுமா? கீழே எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பேட்ச் 95 சதவீதமும் ஆகும், 60 சதவீதமும் ஆகும்.

இந்தக் கட்டுரை பிளேஸ்மென்ட் பற்றியது இல்லை. குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்கு அரசுப் பணத்தில் நடக்கும் சிகிச்சையைப் பற்றியது. ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். எதை எண்ணுகிறோம்? யாரை எண்ணாமல் விடுகிறோம்?

எங்க சித்தப்பா

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் எங்கள் சித்தப்பா. லேத் ஆபரேட்டர். வெர்னியர் எடுக்காமலே கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரலில் தடவிச் சொல்லுவார். நான் மெக்கானிக்கல் எடுத்ததே அவரைப் பார்த்துத்தான். குடியும் உண்டு. அது தெருவுக்கே தெரியும். நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் காலையில் அவராகவே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்: "அண்ணா, என்னால முடியல. எங்கயாச்சும் சேத்து விட்டுடு."

அப்பா அன்றைக்கே போன் போட்டார். அரசு உதவியில் நடக்கும் ஒரு மையம். இரண்டு நாள் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது நாள் எடுத்தார்கள். "இப்ப இடம் இல்லைங்க, மூணு வாரம் கழிச்சுக் கூப்பிடுங்க." மூன்று வாரம் கழித்து அப்பா சித்தப்பாவிடம் போய்ப் பேசினால், "எனக்கு என்ன ஆச்சு, நல்லாத்தான இருக்கேன்" என்று சிரித்தார். விட்டுவிட வேண்டும் என்று அன்று காலையில் அவருக்குத் தோன்றியதே, அந்த எண்ணத்துக்கு மூன்று வாரம் ஆயுள் இல்லை.

எட்டு மாதம் கழித்து, மஞ்சள் காமாலை வந்த பிறகு, அதே மையத்தில் சேர்த்தோம். குறை சொல்ல முடியாது, நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் முகம் தெளிந்து வெளியே வந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கவுன்சிலிங் வரச்சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார்கள். முதல் தடவை போனார். ரெண்டாவது தடவை போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. அங்கே இருந்த கவுன்சிலர் அக்கா ஒருத்தர்தான் அத்தனை பேரையும் பார்க்க வேண்டும். அவர் எத்தனை பேருக்குத்தான் போன் போடுவார்?

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த மையத்தின் அந்த வருட ரிப்போர்ட்டில் சித்தப்பா என்னவாகப் பதிவாகியிருப்பார்? "சிகிச்சை முடித்து அனுப்பப்பட்டவர்" என்றுதான் இருக்க வேண்டும். அதாவது வெற்றி. மூன்று வாரம் காத்திருக்கச் சொன்ன அன்றைக்குத் திரும்பிப் போன சித்தப்பா? அவர் எந்த நோட்டிலும் இல்லை. மேலே இருக்கிற எண்ணிலும் இல்லை, கீழே இருக்கிற எண்ணிலும் இல்லை.

டிக்யூஎம் அசைன்மென்ட்டில் கிடைத்தது

போன செமஸ்டர் டிக்யூஎம் எலெக்டிவில் சார் ஒரு கண்டிஷன் போட்டார். "டொயோட்டா, மோட்டரோலா எழுதினா மார்க் கிடையாது. ஃபேக்டரி இல்லாத இடத்துல குவாலிட்டி எப்படி வேலை செய்யுதுன்னு எழுதிட்டு வாங்க." அதற்காகத் தேடியபோதுதான் டேவிட் குஸ்டாஃப்சன் என்ற பெயர் கிடைத்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பேராசிரியர். டாக்டர் இல்லை, நம்ம ஆள்!

2003-இல் அவர் குழு நயாடெக்ஸ் என்ற ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. பெரும்பாலும் அரசுப் பணத்தை நம்பி இயங்கும் போதை சிகிச்சை மையங்கள் அதில் சேர்ந்தன. குறிக்கோள் நான்கே நான்கு. காத்திருக்கும் நாட்களைக் குறைப்பது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவர்களைக் குறைப்பது, சேர்க்கையைக் கூட்டுவது, சேர்ந்தவர்களைத் தொடர்ந்து வரவைப்பது. "எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள்" என்ற கேள்வியே அந்த நான்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவர்கள் செய்யச்சொன்ன முதல் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. மையத்தை நடத்துகிறவரே நோயாளி போல நடித்து, போன் போடுவதிலிருந்து முதல் சந்திப்பு வரை முழுசாக ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். 300-க்கும் மேற்பட்ட மையங்கள் இப்படிச் செய்து எழுதி அனுப்பின. வந்த பதில்களைத் தொகுத்துப் பார்த்தால் நோயைப் பற்றிய பிரச்சினையை விட நடைமுறைப் பிரச்சினைதான் அதிகம். ஊழியர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கும் ஃபார்ம்கள். வேலைக்குப் போகிறவர், குழந்தையை வைத்திருக்கிறவர் எப்படி வருவார் என்ற யோசனையே இல்லாத நேரங்கள். தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கே, மேஜையின் இந்தப் பக்கம் வந்து நின்ற பிறகுதான் இது தெரிந்தது.

பிறகு நமக்குத் தெரிந்த அதே பிடிஎஸ்ஏ சுழற்சி. ஒரு சின்ன மாற்றம் செய், அளந்து பார், வேலை செய்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் தூக்கிப் போடு. 2007-இல் 13 மையங்களின் முடிவு வெளிவந்தது. முதல் தொடர்பிலிருந்து சிகிச்சை தொடங்க ஆன நாட்கள் சராசரியாக 19.6-இலிருந்து 12.4 ஆகக் குறைந்தன. முதல் தடவை வந்தவர்களில் இரண்டாவது தடவையும் வந்தவர்கள் 72 சதவீதத்திலிருந்து 85 சதவீதம் ஆனார்கள்.

19.6 நாள் என்றால் கிட்டத்தட்ட மூன்று வாரம். அந்த எண்ணைப் படித்தபோது எங்கள் வீட்டு போன்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் அசைன்மென்ட்டோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு பேனர் அடித்தவன் ஆகியிருப்பேன். அதே குழு பிறகு ஐந்து மாநிலங்களில் 201 மையங்களை வைத்து ரேண்டம் முறையில் பெரிய சோதனை செய்தது. 2013-இல் முடிவு வந்தது. ஒரு கோச் நேரடியாக உதவிய குழுவில் காத்திருக்கும் நாட்கள் சராசரியாக 4.6 நாள் குறைந்தன. ஆனால் தொடர்ந்து வருவது எந்தக் குழுவிலும் சொல்லும்படி கூடவில்லை. வாசலைத் திறந்து வைப்பது சுலபம். உள்ளே வந்தவரை இருக்கவைப்பது கஷ்டம். இந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதால்தான் முதல் முடிவையும் நான் நம்புகிறேன்.

காசைக் கட்டிப்போட்ட டெலவேர்

அளந்தால் மட்டும் போதுமா, அளவோடு பணத்தையும் இணைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் குட்டி மாநிலமான டெலவேர்.

2001 வரை அங்கே அரசு, சிகிச்சை மையங்களுக்குச் செலவுக் கணக்கைப் பார்த்துப் பணம் கொடுத்தது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளமும் வாடகையும் வந்துவிடும். அதன் பிறகு வெளிநோயாளி மையங்களின் ஒப்பந்தத்தை மாற்றினார்கள். இரண்டே அளவுகள். ஒன்று, கையில் இருக்கும் இடங்களில் எத்தனை சதவீதம் உண்மையில் பயன்படுகிறது. இரண்டு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தந்தக் கட்டத்துக்குத் தேவையான அளவு தவறாமல் வருகிறார்கள். முதலாவதில் இலக்கை எட்டாவிட்டால் பணம் குறையும். இரண்டாவதில் எட்டினால் போனஸ். எப்படி எட்டுவது என்று அரசு சொல்லவில்லை. அது மையங்களின் பாடு. சாயங்கால நேரத்திலும் திறந்து வைப்பது, ஆட்கள் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் இன்னொரு கிளை போடுவது, கவுன்சிலர்களுக்கும் போனஸில் பங்கு தருவது என்று அவரவருக்குத் தோன்றியதைச் செய்தார்கள்.

தாமஸ் மெக்லெலன் என்ற ஆய்வாளரின் குழு 2008-இல் கணக்கை வெளியிட்டது. 2001-க்கும் 2006-க்கும் இடையே பயன்பாடு 54 சதவீதத்திலிருந்து 95 ஆனது. தேவையான அளவு வந்தவர்கள் 53 சதவீதத்திலிருந்து 70 ஆனார்கள். வருகிற நோயாளிகளின் தன்மையில் பெரிய மாற்றம் இல்லை, அதாவது சுலபமான கேஸ்களாகப் பார்த்துப் பொறுக்கியதாகத் தெரியவில்லை என்பதையும் பார்த்துச் சொன்னார்கள்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். 100 இடம் இருக்கிறது. முன்பு அதில் 54 பேர், அவர்களில் ஒழுங்காக வந்தவர்கள் சுமார் 29. பிறகு 95 பேர், ஒழுங்காக வந்தவர்கள் சுமார் 67. சராசரியைச் சராசரியால் பெருக்குவது துல்லியம் இல்லை என்று மேத்ஸ் மேடம் திட்டுவார். ஆனாலும் அளவு புரிகிறது. அதே கட்டடங்கள், அதே நோய். இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, மாற்றம் செய்யாத இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. அதனால் மொத்தப் புகழையும் ஒப்பந்தத்துக்கே கொடுத்துவிட முடியாது.

கிராஃப் முதல்ல, ரீடிங் அப்புறம்

இனி மறுபக்கம். லேப் ரெக்கார்ட் எழுதின எல்லாருக்கும் இந்த ரகசியம் தெரியும். கிராஃப் எப்படி வரணும்னு தெரிஞ்சா அதை முதல்ல வரைஞ்சிடுவோம், ரீடிங்கை அப்புறம் எழுதிக்குவோம். மார்க் கிராஃபுக்குத்தானே! போதை சிகிச்சையிலும் இது நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் இன்னொரு மாநிலம், மெயின். 1990-களின் தொடக்கத்திலேயே மையங்களின் செயல்திறனைப் பார்த்து நிதியைத் தீர்மானிக்கும் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பொருளாதார ஆய்வாளர்கள் பதிவேடுகளைத் தோண்டினார்கள். ஒரு ஆய்வு, காகிதத்தில் தெரிந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி உண்மையான முன்னேற்றம் இல்லை, எழுதும் விதம் மாறியதால் வந்தது என்று காட்டியது. 2003-இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் வலிக்கக்கூடியது. மாநில நிதியில் சிகிச்சை பெற்றவர்களில், மிக மோசமான நிலையில் இருந்தவர்களின் பங்கு 7 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. அதாவது யாருக்கு சிகிச்சை ரொம்பத் தேவையோ, அவர்தான் ரிப்போர்ட்டுக்கு ஆபத்து. அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் சதவீதம் அழகாகும். அரியர் வைத்திருக்கிற பையனை பிளேஸ்மென்ட் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுவது போல.

இங்கிலாந்து ஒரு படி மேலே போனது. 2012-இல் எட்டுப் பகுதிகளில், முடிவுக்கே பணம் என்று சோதித்துப் பார்த்தார்கள். போதையிலிருந்து விடுபட்டு சிகிச்சையை முடித்தாரா, அதற்குக் காசு. கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் முதல் ஆண்டை எடுத்துப் பார்த்தால், மற்ற பகுதிகளோடு ஒப்பிடும்போது சிகிச்சையை முடித்து வெளியே போனவர்களின் விகிதம் கூடவில்லை, குறைந்தது.

ஒரு அளவையே இலக்காக மாற்றிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது என்ற கருத்துக்கு குட்ஹார்ட் விதி என்று பெயர். இன்டர்னல் மார்க்குக்காக அட்டெண்டன்ஸ் வாங்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 75 சதவீதம் வந்தவன் எல்லாம் பாடம் கேட்டவன் இல்லை.

அப்படியானால் அளக்கவே வேண்டாமா?

இந்த இடத்தில்தான் பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. "மனுசன் மனசை எல்லாம் நம்பர்ல அளக்க முடியுமாப்பா? அது சேவை, கம்பெனி இல்ல" என்று எங்கள் அப்பாவே சொன்னார். அந்த வார்த்தையில் இருக்கும் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அளக்காவிட்டால் என்ன ஆகும்? போன் எடுக்காத அந்த இரண்டு நாள் யார் கண்ணிலும் படாது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாஷையில் சொன்னால் அது ஓப்பன் லூப். அவுட்புட் என்ன ஆச்சு என்று இன்புட்டுக்குத் தெரியவே தெரியாது. ஏசி வைத்திருக்கிறோம், தெர்மோஸ்டாட் இல்லை. அறை குளிர்ந்ததா என்று கேட்டால், கரண்ட் பில் கட்டிவிட்டோம் என்று பதில் வருகிறது.

அளவுகள் ஏமாற்றும் என்பது அளக்காமல் இருப்பதற்குக் காரணம் இல்லை. எதை அளப்பது என்று யோசிப்பதற்குக் காரணம். மைக்ரோமீட்டரில் ஜீரோ எரர் இருந்தால் அதைக் கழித்துக்கொள்கிறோம். தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணால் பார்த்துக் கடைவதில்லை.

இந்த மூன்று நாலு கதைகளிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்.

முதலில், குணமானவர் சதவீதத்தை வைத்து மையங்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. போதை அடிமைத்தனம் காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய் இல்லை. சுகர், பிரஷர், ஆஸ்துமா மாதிரி நீண்ட நாள் நோய். மெக்லெலனும் மற்றவர்களும் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி பழக்கத்துக்குப் போகிறார்கள் என்றும், அது மற்ற நீண்ட நாள் நோய்களில் நடப்பதோடு ஒத்துப்போகிறது என்றும் காட்டினார்கள். மாத்திரையை நிறுத்தியதும் பிரஷர் ஏறினால் மாத்திரை தோற்றுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. சித்தப்பா மறுபடி குடித்தால் மட்டும், "பாத்தியா, இவனெல்லாம் திருந்த மாட்டான்" என்கிறோம். ஒரு மாத முடிவில் குணமானாரா என்ற கேள்வியே தப்பான கேள்வி. தப்பான கேள்விக்குக் காசு வைத்தால் பொய்யான பதில்தான் வரும்.

இரண்டாவது, மையத்தின் கையில் இருப்பதை அளக்க வேண்டும். ஒருத்தர் வாழ்நாள் முழுக்கக் குடிக்காமல் இருப்பது கவுன்சிலர் அக்கா கையில் இல்லை. ஆனால் போனை எடுப்பது, இடமில்லை என்றால் அந்த மூன்று வாரமும் வெளிநோயாளியாக வரச்சொல்வது, வராவிட்டால் மறுநாள் கூப்பிடுவது இதெல்லாம் மையத்தின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் சர்க்கிள் என்ற குழு இதற்கு எளிமையான இரண்டு அளவுகளை வகுத்தது. நோய் என்று தெரிந்து 14 நாளுக்குள் சிகிச்சை தொடங்கியதா? தொடங்கி 30 நாளுக்குள் மேலும் இரண்டு தடவையாவது வந்தாரா? ஒக்லஹோமா மாநிலத்தில் பார்த்தபோது, அப்படித் தொடர்ந்து வந்தவர்கள் பிறகு கைதாவது குறைவாக இருந்தது. வர விருப்பம் உள்ளவர்கள்தான் வந்தார்கள், அதனால்தான் நல்ல முடிவு என்றும் வாதிடலாம். அது நியாயமான சந்தேகம். அதனால்தான் இந்த அளவுகளோடு சேர்த்து, மையத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அவ்வப்போது சிலரை மட்டும் தேடிப்போய் நிலைமையைப் பார்க்கவும் வேண்டும்.

மூன்றாவது, வகுக்கும் எண்ணைப் பூட்டி வைக்க வேண்டும். வந்த ஒவ்வொரு அழைப்பும் எண்ணப்பட வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவரும் கணக்கில் வர வேண்டும். ரொம்ப மோசமான நிலையில் இருப்பவரை எடுத்துக்கொண்டால் அதிக மதிப்பு என்று வைக்க வேண்டும், குறைந்தபட்சம் அதனால் மதிப்பெண் குறையாது என்றாவது வைக்க வேண்டும். இல்லையென்றால் மெயின் மாநிலக் கதைதான்.

நான்காவது, காசு கொஞ்சமாக இருந்தால் போதும். பயமுறுத்தும் அளவுக்கு வைத்தால் பயந்தவர்கள் கணக்கைத்தான் திருத்துவார்கள். போனஸில் ஒரு பங்கு களத்தில் வேலை செய்கிறவருக்குப் போக வேண்டும். புதிதாக ஒரு ரெஜிஸ்டர் எழுதச்சொன்னால் பழைய ரெஜிஸ்டர் இரண்டை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நோயாளியிடம் பேச வேண்டிய நேரத்தில் அந்த அக்கா நோட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

ஐந்தாவது, வருடத்துக்கு ஒரு தடவை, நிதிக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரியே ஒரு நோயாளியின் அண்ணன் போல அந்த மையத்துக்குப் போன் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை ரிங் போகிறது என்று அவரே எண்ணட்டும்.

நமக்கு என்ன?

இது அமெரிக்கா கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். 2019-இல் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தி வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். மையத்தில் தங்கி சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். எங்கள் சித்தப்பா 180-இல் அந்த ஒருவர். அதிர்ஷ்டசாலி!

அதே அமைச்சகம்தான் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுத்து நாடு முழுக்க மறுவாழ்வு மையங்களை நடத்தவைக்கிறது. அந்த நிதி நம் வரிப்பணம். மையங்கள் இன்னும் நிறைய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. 38-இல் ஒன்று என்கிற நாட்டில், "முதல்ல கட்டுங்க, அப்புறம் அளக்கலாம்" என்று சொல்வதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். நான் உடன்பட மாட்டேன். இடம் குறைவாக இருக்கிற ஊரில்தான் ஒவ்வொரு இடமும் முக்கியம். டெலவேர் புதிய மையங்களைக் கட்டித்தான் முன்னேறியது என்று இல்லை, பாதி காலியாகக் கிடந்த நாற்காலிகளை நிரப்பி முன்னேறியது. கட்டும்போதே மீட்டரையும் சேர்த்துப் பொருத்துவது சுலபம். கட்டி முடித்து இருபது வருடம் கழித்துச் சுவரை உடைத்து வயர் இழுப்பது கஷ்டம். ஹாஸ்டலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

நம் ஊரில் டாஸ்மாக் கடைகளின் தீபாவளி விற்பனை எத்தனை கோடி என்று ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறது. ஒரு நாள் விற்பனையை மறுநாளே கூட்டிச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கிறது. "இந்த மாதம் உதவி கேட்டுப் போன் போட்டவர்கள் இத்தனை பேர், அவர்கள் சராசரியாகக் காத்திருந்தது இத்தனை நாள்" என்ற செய்தியை நான் இதுவரை ஒரு பேப்பரிலும் படித்ததில்லை. அதைக் கூட்டிச் சொல்வது அதைவிடக் கஷ்டமான கணக்கு இல்லை. நம்மில் யாராவது ஒருத்தர் ஃபைனல் இயர் புராஜெக்ட்டாகவே அதற்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிவிடலாம். அட்டெண்டன்ஸ் ஆப் எழுதினது போதும் நண்பர்களே.

சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். போன வருடம் இரண்டாவது முறையாகச் சேர்ந்தார், இந்தத் தடவை வேறொரு மையம். வெளியே வந்து முதல் கவுன்சிலிங்குக்குப் போனார். அடுத்ததுக்குப் போகாமல் லேத் பட்டறையில் ஓவர்டைம் பார்த்தார். மறுநாள் காலையில் அங்கிருந்து போன் வந்தது. "அண்ணே, நேத்து வரலையே, உடம்பு சரியில்லையா? சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இருப்போம், வேலை முடிஞ்சு வாங்க." ஒரு நிமிடம்கூட ஆகாத போன். போனார். இன்னமும் போய்க்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு தடவை சறுக்கினார், மறுபடி போனார்.

ஒரு ஆளை வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது, சாம்பிள் சைஸ் ஒன்று என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த மையத்தில் யாரோ ஒருத்தர் முந்தின நாள் சாயங்காலம் லிஸ்ட்டைப் பார்த்து, யார் வரவில்லை என்று எண்ணியிருக்கிறார். அவ்வளவுதான் நான் கேட்பதும்.

(வீட்டிலோ ஹாஸ்டலிலோ யாருக்காவது உதவி தேவைப்பட்டால், போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். கேட்கிற அன்றைக்கே போன் போடுங்கள்.)